வாய்க்கரிசி: இரு தரப்பையும் ஆராய்க

மனித இனம் நெருப்பை மூட்டக் கற்றுக்கொண்ட பிறகு செய்த அடுத்த பெருங்காரியம், ஹியூபர்ட் சர்வதேச டிப்ளமாவைத் தேர்ந்தெடுத்ததுதான். இரண்டுக்கும் நடுவே வேறு சில சில்லறைக் காரியங்கள் நடந்திருக்கலாம். ஆனால் அவற்றில் எதுவும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் நடக்கவில்லை என்பது ஹியூபர்ட்டின் கருத்து.

அது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலம். ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒரே முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள். வேலிக்கு ஒரே வாயில். வாயிலில் துப்பாக்கியோடு கான்ஸ்டபிள்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக்கூடாது என்பது சட்டம், மீறினால் சிறை. ஆகவே பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பொழுது விடியும் முன்பே வெறுங்கையோடு போய், வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். நாடே ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எந்தப் பக்கமும் சாயாமல் சிந்திக்கக் கற்றுத்தரக் கோலசிலாங்கூரில் ஒரு மிஷன் பள்ளி முன்வந்தது. இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பள்ளியில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சாதாரண சர்டிபிகேட். படிக்கலாம், தேறலாம், ஏதாவது ஒரு தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்காரலாம். மற்றது சர்வதேச டிப்ளமா. கேள்வித்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும். திருத்துகிறவர் முகத்தைக் கடவுளின் முகத்தைப் போலவே எவரும் கண்டதில்லை. லத்தீன் உண்டு. எல்லாவற்றுக்கும் சிகரமாக ‘ஆய்வுரை’ என்று ஒரு தாள் உண்டு. அதில் எந்தக் கேள்வியும் ஒரே மாதிரிதான் முடியும்: ‘இரு தரப்பையும் ஆராய்க.’

எந்த வழி என்று முடிவு செய்யக் கிராணி வீட்டில் ஓர் உயர்மட்டக் கூட்டம் நடந்தது. தலைவர், தோட்டத்தின் பெரிய கிராணியும் ஹியூபர்ட்டின் அப்பாவுமான கிளாரன்ஸ். எதிர்க்கட்சி, அம்மா அகதா. சிறப்பு விருந்தினர், டிப்ளமா வகுப்பை நடத்தும் லியோனார்ட் மாஸ்டர்.

“போன வருஷம் எத்தன பிள்ளைங்க பாஸ் பண்ணுச்சுங்க, சார்?” என்று அகதா கேட்டாள்.

“ஒருத்தருமில்ல, மிஸஸ் கிளாரன்ஸ்” என்றார் மாஸ்டர் பெருமையோடு. “அவ்வளவு தரம்.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அப்பவும் தரம் குறையல.”

கிளாரன்ஸ் மேசையைத் தட்டினார். “கேட்டியா? அந்தச் சாதாரண சர்டிபிகேட்டுல எல்லாப் பயலும் பாஸாயிடுறான். அதுல என்னாடி மருவாதி இருக்கு?”

“இவன் பல்லு வெளக்கவே அரை மணி நேரம் யோசிக்கிறவன். இவனுக்கு இன்னும் யோசிக்கச் சொல்லிக் குடுக்கவா கோலசிலாங்கூருக்கு பஸ் ஏத்தி விடணும்?”

“அதுதான் தகுதியே” என்றார் மாஸ்டர்.

ஹியூபர்ட்டின் விருப்பத்தையும் கேட்டார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பேசாமல் இருந்தான். அந்த மௌனத்தின் ஆழத்தைக் கண்டு மாஸ்டர் அங்கேயே அவனைச் சேர்த்துக்கொண்டார். உண்மையில் அவன் அப்போது எதையும் யோசிக்கவில்லை. யோசிப்பது போன்ற முகம் மட்டும் அவனுக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தது.

டிப்ளமா அவனைச் செதுக்கியது. கேள்வி கேட்டதும் பதில் சொல்கிறவன் சாதாரண சர்டிபிகேட்காரன், டிப்ளமாக்காரன் முதலில் மௌனம் காப்பான், பிறகு ஒரு தரப்பைச் சொல்வான், பிறகு ‘ஆயினும்’ என்பான், மறுதரப்பைச் சொல்வான், முடிவைக் கேட்பவரின் நடுநிலைக்கு விட்டுவிடுவான். பக்கம் சாய்ந்தால் பாதி மதிப்பெண் போய்விடும்.

“இன்னொரு தோச போடவா?” என்று அகதா கேட்பாள்.

மௌனம். “பசி இருக்கிறதென்பது ஒரு தரப்பு. ஆயினும்...”

ஆயினும் என்பதற்குள் தோசை தங்கையின் தட்டுக்குப் போயிருக்கும். ஹியூபர்ட் மெலிந்தான். அறிவு வளர்வதன் அடையாளம் என்று அப்பா சொன்னார்.

இப்படியிருக்கையில் மேட்டு லயத்து உடையப்பன் காலமானார். அவருடைய மூத்த மகன் சன்னாசி, பால்மரம் வெட்டுகிறவன். சிறுவயதில் ஹியூபர்ட்டுக்கு ஆற்றில் நீந்தக் கற்றுக்கொடுத்தவன். இடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது. பிணத்துக்குத் தடையில்லை. ஆனால் பிணத்தோடு போகும் வாய்க்கரிசியும் அரிசிதானே? அதனால் இழவு விழுந்தால் பெரிய கிராணி ஒரு துண்டுத்தாளில் ‘சாவு அரிசி’ என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். வாயிலில் காட்டினால் விட்டுவிடுவார்கள். இந்த முறையும் சன்னாசி வந்து நின்றான்.

“சீட்டெல்லாம் எதுக்குடா?” என்றார் கிளாரன்ஸ். “புதுசா ஒரு வெள்ளக்கார லெப்டினன்ட் வந்திருக்காரு. நம்ம பையனே நேர்ல பேசுவான். கப்பல்ல போற இங்கிலீசு!”

“தம்பியே வருதா?” சன்னாசி கையெடுத்துக் கும்பிட்டான். “எங்கப்பன் குடுத்து வச்சவருலா.”

வாயிலில் பாடையை நிறுத்தினார்கள். கான்ஸ்டபிள் சன்னாசியின் துண்டு முடிச்சைப் பிரித்துப் பார்த்தான். பச்சரிசி.

“பெராஸ், துவான்!” அரிசி, ஐயா என்று மலாயில் கத்தினான்.

லெப்டினன்ட் வந்தார். கிளாரன்ஸ் பழக்கதோஷத்தில் அந்த இரண்டு சொல்லையும் சொல்ல வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டு மகனை முன்னால் தள்ளினார்.

“இந்த அரிசி எதற்கு?” என்று லெப்டினன்ட் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஹியூபர்ட் மௌனமானான். தப்படித்தவர்கள் நிறுத்தினார்கள். பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிப் பார்த்தார்கள். பிறகு கீழே இறக்கி வைத்தார்கள். உடையப்பன் மட்டும்தான் பொறுமையாக இருந்தார்.

பிறகு ஹியூபர்ட் ஆங்கிலத்தில் பேசினான். “இதை இரு கோணங்களில் அணுகலாம். முதலாவதாக, இறந்தவரின் வாயில் உறவினர் அரிசி இடுவது இந்து மக்களின் தொன்மையான வழக்கம். இதோ இறந்தவர். இதோ அவர் மகன். எனவே இந்த அரிசி குற்றமற்றது என வாதிட இடமுண்டு.”

லெப்டினன்ட் தலையாட்டினார். துண்டை மறுபடி முடிந்து சன்னாசியிடம் நீட்டவும் செய்தார். சாதாரண சர்டிபிகேட் மாணவனாக இருந்தால் அங்கே வாயை மூடியிருப்பான். அவன் பாடத்திட்டம் அவ்வளவுதான்.

“ஆயினும்” என்றான் ஹியூபர்ட்.

நீட்டிய கை நின்றது.

“மறுதரப்பையும் நோக்குவது நேர்மை. வழக்கம் கோருவது ஒரு பிடி. இங்கே இருப்பது அதற்கு மேல். உறவினர் பலர் என்பது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேலும், இடுகாடு காட்டை ஒட்டியது. அரிசி கடத்த விரும்பும் ஒருவனுக்கு மரண ஊர்வலத்தைவிடச் சிறந்த மறைவு கிடையாது.”

கூட்டம் வாய் பிளந்து கேட்டது. “எப்படிப் பேசுது பாரு, தண்ணி மாதிரி!” என்று ஒருத்தி சொன்னாள். சன்னாசி பெருமையோடு சுற்றிலும் பார்த்தான்.

அந்த முகம் ஹியூபர்ட்டின் கண்ணில் பட்டது. தான் சன்னாசியின் பக்கம் என்பது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. ஆனால் உரை அப்போது மிக நன்றாக அமைந்து வந்துகொண்டிருந்தது.

“முடிவைத் தங்கள் நடுநிலைக்கே விட்டுவிடுகிறேன், ஐயா.”

லெப்டினன்ட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த நாட்டில் இவ்வளவு நேர்மையான இளைஞனைத் தான் கண்டதில்லை என்றார். பிறகு, அரிசியின் அளவைத் தான் கவனிக்கவேயில்லை என்று நன்றி சொல்லிவிட்டு, சன்னாசியை லோரியில் ஏற்றச் சொன்னார். பிணம் போகலாம், அரிசியும் மகனும் போகக்கூடாது.

சன்னாசி லோரியின் பின்கட்டையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். “நீ நல்லாத்தான் பேசுன, தம்பி. அந்தத் தொரதான் காதுல வாங்கல. மனசுல வச்சுக்காத. எங்கப்பன மட்டும் பாத்துக்க.”

டிப்ளமாவில் இதற்கு மறுதரப்பு சொல்லித்தரப்படவில்லை.

மூத்த மகனும் இல்லாமல், வாய்க்கரிசியும் இல்லாமல் உடையப்பன் மண்ணுக்குள் போனார். கிராணி வீட்டுத் தம்பி எவ்வளவோ வாதாடிப் பார்த்தது, வெள்ளைக்காரன் நெஞ்சு கல் என்று தோட்டம் முழுவதும் பேசிக்கொண்டது. ஆங்கிலம் தெரிந்த இன்னொருவர் அங்கே கிளாரன்ஸ் மட்டும்தான். வீட்டுக்குத் திரும்பிப் படியேறும்போது அவர், “ரெண்டாவது பகுதி கொஞ்சம் நீளம்ப்பா” என்றார்.

ஆண்டு இறுதியில் கப்பலில் கேள்வித்தாள் வந்தது. ‘தனிமனிதனுக்குச் சட்டம் இழைக்கும் தீங்கு பொதுநன்மையால் ஈடாகிறது. இரு தரப்பையும் ஆராய்க.’ ஹியூபர்ட் வாழ்க்கையில் முதல் முறையாக யோசிக்காமல் எழுதினான். ஒரு மகன், ஒரு பிணம், ஒரு துண்டில் அரிசி. முதல் தரப்புக்கும் அதே உதாரணம், மறுதரப்புக்கும் அதே உதாரணம். கை ஓடியது. இடையில் ஒருமுறை பேனா நின்றது, மை தீர்ந்துவிட்டது.

அந்தப் பள்ளியின் சரித்திரத்திலேயே முதலாவதாக ஒருவன் டிப்ளமாவில் தேறினான், அதுவும் ஆய்வுரையில் தனிச்சிறப்போடு. உதாரணம் உயிர்த்துடிப்புள்ளதாக இருக்கிறது என்று முகம் தெரியாத அந்தத் தேர்வாளரே கைப்பட எழுதியிருந்தார். லியோனார்ட் மாஸ்டர் அதை மேடையில் படித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கிளாரன்ஸ் தோட்டத்துக்கே விருந்து வைத்தார். எல்லா லயத்திலிருந்தும் எல்லாரும் வந்தார்கள்.

உதாரணம் மட்டும் வரவில்லை. அதற்கு இன்னும் தண்டனைக் காலம் முடியவில்லை.