எனக்குப் பதிலாக இருமியவர்

திருவனந்தபுரத்தில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், ரயிலைத் தவறவிட்டுத் தம்பானூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, இவர்களில் மிகவும் களைத்துப்போனவர் யார் என்று கேட்டால், நான் யோசிக்காமல் கெட்டு அண்ணாச்சியைத்தான் காட்டுவேன். இரண்டாவது இடம் எனக்கு. அதற்கும் பெருமளவு அவரே காரணம்.

சாலை என்று சொல்லும் பெரிய கடைத்தெருவில் ஒரு கயிற்றுக்கடை வாசலில், சுருட்டி வைத்த தேங்காய்நார்க் கயிற்றின் மேல் உட்கார்ந்திருப்பார். நாங்குநேரிப் பக்கத்து ஆள். வீடு மாற்றிப் போகிறவர்களின் சாமான்களை மூட்டை கட்டிக் கொடுப்பது தொழில். கட்டு என்பதைத் திருவனந்தபுரத்தில் கெட்டு என்பார்கள். அதுவே அவர் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், "ஷீணமா இருக்கு சாரே, பிறகு சொல்லுதேன்" என்றிருப்பார். ஷீணம் என்றால் மலையாளத்தில் களைப்பு. அவர் பேச்சு பாதித் தமிழ், கால் மலையாளம், மீதி முழுக்க ஷீணம்.

முதல் முறை நாங்கள் ஸ்ரீவராகத்து வீட்டுக்குக் குடிவந்தபோது எங்கள் இரும்பு பீரோவைத் தனி ஆளாக முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். என் மனைவி பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அண்ணாச்சி அதைச் சோகமாகப் பார்த்தார்.

"அதத் தூக்க முடியாதும்மா. கொஞ்சம் வாயில ஊத்துங்க" என்று அண்ணாந்து நின்றார்.

அந்த வீடு எங்களுக்கு நாலு வருஷம் அலைந்து கிடைத்தது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், சர்க்கரையாகத் தண்ணீர் தரும் கிணறு, பத்மநாபசுவாமி கோயிலுக்கு நடக்கும் தூரம். வீட்டுக்காரர் எதிர்வீட்டிலேயே இருந்தார். ரிட்டயராகி வெகுகாலமானதால் தெருவுக்கே அவர் பென்ஷன் மாமா. இரண்டு கண்ணிலும் புரை. விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். கண்ணிலிருந்து போன பலமெல்லாம் காதுக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டில் எத்தனை தோசை சுட்டோம் என்பதை எதிர்வீட்டிலிருந்தே சொல்லிவிடுவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் எனக்குப் புனலூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பத்து மாதம், தற்காலிகம். சென்னைக்காரர்கள் சிரிக்கலாம், எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பட்டணம், புனலூர் மலையடிவாரத்துச் சின்ன ஊர். போய்வருவது பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தப்படக்கூடத் தெம்பில்லாத வயது அது. ஆனால் எங்கள் இலாகாவில் தற்காலிகம் என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. இப்படிப் போன ஒருவர் அங்கேயே ரிட்டயராகி, மகள் கல்யாணத்தையும் அங்கேயே முடித்துவிட்டார்.

திரும்பி வரும்வரை வீட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளலாமா என்று பென்ஷன் மாமாவிடம் போய்ப் பேச்செடுத்தேன். நான் முடிப்பதற்குள் அவர் முடித்துவிட்டார்.

"ஓய், ஆத்தைப் பூட்டிப் போடப்படாது. வரிசையா விளக்கு எரியற தெருவிலே நடுவிலே ஒரு ஆத்துல மட்டும் இருட்டா இருந்தா தெருவுக்கே ஆகாது. சாயங்காலச் சந்தி விளக்கு ஒரு நாள் தப்பினாலும் வேற ஆளை வெச்சுடுவேன். இது எங்க அப்பா காலத்து ஏற்பாடாக்கும்."

பயத்தில் மனிதனுக்கு வாய் நீளும். மலைக்காற்று வேண்டுமென்று டாக்டர் சொன்னதால் மனைவி மட்டும் புனலூரில் இருப்பாள். எனக்கு அங்கே வேலை அரைகுறைதான், தினமும் சாயங்காலம் நான் இங்கே வந்துவிடுவேன் என்று ஒரே மூச்சில் புளுகினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்:

"ஏன்னா, நீங்க ரெண்டு ஊர்லயும் இருப்பேள், சரி. எந்த ஊர்ல சாப்பிடுவேள்?"

சாலைக்குப் போய் அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன்.

மூட்டை கட்டும்போது அவர் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, கோர்ட்டில் சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். "இது போணுமா, இருக்கணுமா?" போகணும் என்றால் பெருமூச்சு. இருக்கணும் என்றால் நிம்மதிப் பெருமூச்சு. போகிற சாமான்களிலும் பாதியைப் பயங்கரமாக முடிச்சுப் போட்டு இறுக்கினார். பிரிப்பது எப்படி என்று கேட்டேன்.

"எதுக்குப் பிரிக்கணும்? பத்து மாசந்தானே சாரே! அப்பிடியே வச்சிருங்க. திரும்பி வாறப்போ கெட்டுற வேலை மிச்சம். எனக்கும் ஷீணம் கொறையும்."

அந்த நேரத்தில் என் மனைவி வாசல் விளக்கைப் பார்த்துக்கொண்டே எங்கள் கவலையைச் சொல்லிவிட்டாள். அண்ணாச்சி கயிற்றைக் கீழே போட்டார்.

"கொல்லைப்புறத்துச் சாவி இருக்கா? சாயங்காலம் நான் வந்து வெளக்கு வச்சுட்டு, கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்."

"உங்களுக்கு எதற்கு அண்ணாச்சி இந்தச் சிரமம்?"

"சாலையில இருந்தா ஆளுக வேலை சொல்லுவாங்க சாரே. இங்க உள்ள இருந்தா யாருக்கும் தெரியாது. ரெஸ்ட் கிட்டும்."

அக்ரகாரத்து வீட்டின் சாவியைச் சாலைக் கடைத்தெரு ஆளிடம் கொடுப்பது அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் நடக்காத காரியம். நான் தயங்கினேன். என் மனைவி தயங்கவில்லை. சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டாள்.

புனலூரில் பெய்த மழையைப் பற்றி எழுத இப்போதும் எனக்குத் தெம்பில்லை. துவைத்த வேட்டி காயாது, ஆபீஸில் ஃபைல் நகராது, அண்ணாச்சி போட்ட முடிச்சு அவிழாது. இட்லித் தட்டு எந்த மூட்டைக்குள் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்; கையால் தடவிக்கூடப் பார்க்கலாம். அறுத்துவிடலாம் என்று நான் அரிவாளை எடுத்தால், "வேண்டாம்னா, அறுத்தா நாம இங்கேயே தங்கிடுவோம்" என்று மனைவி தடுத்துவிடுவாள். தினமும் உப்புமா சாப்பிட்டோம். ஒவ்வொரு சாயங்காலமும், விளக்கு வைக்கும் நேரத்தில், இரண்டு பேரும் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை, தலைமை அலுவலக வேலையாகத் திருவனந்தபுரம் வந்தவன் வீட்டையும் எட்டிப் பார்க்கப் போனேன். தெருமுனையிலேயே என் செருப்புச் சத்தத்தை வைத்துப் பென்ஷன் மாமா பிடித்துவிட்டார்.

"இருமல் எப்படி இருக்கு ஓய்?"

எனக்கு இருமலே கிடையாது என்பதை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கினேன்.

"நேத்திக்கு ரேடியோ நியூஸ் முழுக்க இருமினீரே! மலைக்காத்து மாமிக்கு வேணுமா உமக்கு வேணுமா? நான் கொடுக்கற கஷாயம் கேக்கறதா, இல்லையா?"

கையோடு வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு கிண்ணம் கஷாயத்தை நீட்டினார். குடித்தேன். வேப்பமரத்தை வேரோடு அரைத்தது போலிருந்தது. அதற்கப்புறம் வந்த இருமல் நிஜமானது. மாமா காதைச் சாய்த்துக் கேட்டு, "இன்னிக்குச் சத்தம் மாறியிருக்கு, நல்ல குணம்" என்றார்.

நேரே சாலைக்குப் போய் அண்ணாச்சியைப் பிடித்தேன்.

"வெளக்கு மட்டும் எரிஞ்சா மதியா சாரே, போதுமா? ஆளு இருக்கிற சத்தம் வேண்டாமா? உங்க கொரல்ல பேச எனக்கு வராது. இருமல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? ரேடியோவப் போட்டுட்டு இருமுனேன். அவரு கஷாயம் கொண்டாந்து வாசல்ல வச்சாரு. குடிச்சுட்டுப் பாத்திரத்தக் கழுவி வச்சேன். குழப்பமில்ல, ஒண்ணும் மோசமில்ல, நல்ல மருந்து. ஷீணத்துக்குக் கேக்குது."

இதைச் சொல்லி முடித்த களைப்பில் அவர் கயிற்றின் மேல் சாய்ந்துவிட்டார்.

ஏழாவது மாதம் ஒரு காலை, புனலூரில் தபால்காரர் என் மனைவி பெயருக்கு ஒரு தந்தி கொண்டுவந்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். "கணவர் இருமல் நின்றது. இரண்டு நாளாக விளக்கில்லை. கதவு திறக்கவில்லை. உடனே வரவும்." பென்ஷன் மாமா அனுப்பியிருந்தார்.

சொந்தச் சாவுச் செய்திக்குத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கியவன் அனேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பு வந்தது. ஆனால் குளித்துவிட்டு வந்த மனைவி தந்தியைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?" என்றாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது.

பஸ்ஸில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். எங்கள் வீட்டு வாசற்படியில் எண்ணெய் தீர்ந்த அகல் ஒன்று இருந்தது. உள்ளே போக முடியாததால் மாமாவே வெளியில் ஏற்றி வைத்திருக்கிறார். கதவை உடைக்க ஆசாரி ஒருவர் உளியோடு நின்றிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் மாமாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். அது இரண்டு விநாடிதான் இருந்தது.

"நீர் பஸ்ஸிலே வந்தா... உள்ளே யாரு? ஏழு மாசமா இருமினது யாரு ஓய்?"

ஆசாரி இரண்டடி பின்னால் நகர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, மாமா முகம் சிவந்தது. வீடு என் கையை விட்டுப் போவது எனக்கே தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி குறுக்கிட்டாள்.

"மாமா, ஆத்தைப் பத்தி அப்புறம் திட்டுங்கோ. அந்த மனுஷர் ரெண்டு நாளா வரலை. முதல்ல அதைப் பார்க்கணும்."

அவள் சாலையை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். திட்டுவது பாக்கி இருந்ததால் மாமாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கயிற்றுக்கடையின் பின்னறையில் சாக்கு விரித்து அண்ணாச்சி படுத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வெளக்கு வைக்கல்ல சாரே... ஷீணமாயிட்டு."

எத்தனையோ வருஷமாக அவர் வாயில் கேட்ட சொல். அன்றுதான் முதன்முதலாக நம்பினேன். பிறகு அவர் இருமினார். பென்ஷன் மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"இதான்! இந்த இருமல்தான் ஓய்!"

காணாமல்போன சொந்தக்காரரைக் கண்டுபிடித்த குரல் அது. உடனே கோபம் ஞாபகம் வந்துவிட்டது. "சாலைக் கடைத்தெரு ஆள் எங்க ஆத்துல சந்தி விளக்கு ஏத்தியிருக்கான்..." என்று ஆரம்பித்தார்.

"அவர் ஏத்தின விளக்கும் எரிஞ்சுதே மாமா" என்றாள் என் மனைவி. "நீங்கதானே தெனமும் பார்த்தேள்!"

மாமா அண்ணாச்சி பக்கம் திரும்பினார். பிறகு குனிந்து, "கஷாயத்தை வெறும் வயத்துல குடிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா சாமி. நீங்க வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னபடியே."

"இவர் ஒரு நாளும் சொன்னபடி கேட்டதில்லை" என்று மாமா என்னைக் காட்டினார். "சரி, உடம்பு தேறட்டும். அதுவரைக்கும் விளக்கை நான் பார்த்துக்கறேன். சாவியைக் கொடு."

அண்ணாச்சியின் கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது. "சாரு சொல்லட்டும்" என்றார். அந்தச் சாவி மாமா கைக்குப் போனால் திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரிந்திருந்தது. ஆனால் காய்ச்சலோடு அந்த மனிதர் மறுபடி எழுந்து நடப்பதை நினைத்துப் பார்க்க எனக்குச் சக்தியில்லை. கொடுத்துவிடச் சொன்னேன். அன்று சாயங்காலமே நானும் மனைவியும் புனலூர் பஸ் ஏறினோம்.

பத்து நாள் கழித்து மாமாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தார். அண்ணாச்சி எழுந்து நடமாடுகிறார் என்றும், சாவியைத் தாமே சாலைக்குப் போய் அவரிடம் கொடுத்துவிட்டதாகவும் கண்டிருந்தது. "நான் விளக்கு வைத்துப் பார்த்தேன். சத்தமில்லாத வீடாக இருக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை."

பத்து மாதம் முடிந்து, ஆச்சரியமாக, உண்மையாகவே திரும்பி வந்தோம். பிரிக்காத மூட்டைகளை அண்ணாச்சி வெற்றியோடு பார்த்தார். ஒரே இழுப்பில் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்து விழுந்தன. இட்லித் தட்டை என் மனைவி புடவைத் தலைப்பால் துடைத்து வைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வாசல் மாடத்தில் வைத்தார். கூடத்தில் அவர் வழக்கமாக உட்கார்ந்த இடத்தை ஒருமுறை பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் ரெஸ்டுக்கு வேற எடம் பாக்கணும்" என்றார். ஷீணம் என்று சொல்லவில்லை. மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வீடு எனக்கு ஏனோ அன்னியமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் மனைவி விளக்கை ஏற்றி முடித்த நேரம், கொல்லைப்புறத்தில் தயக்கமாக ஓர் இருமல் கேட்டது. எதிர்வீட்டிலிருந்து மாமா, "வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தார். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். என் மனைவி அதற்குள் மூன்றாவது டம்ளரில் காப்பியை ஊற்றிவிட்டிருந்தாள்.