விலாசமில்லாத நான்கு கட்டிகள்

மோந்தேவிதேயோ நகரில் புற்றுநோயை அடக்கி ஆண்டது மருந்தல்ல, கத்தியும் அல்ல. டாக்டர் மில்டன் லாரால்டே தலைமை வகிக்கும் மாண்புமிகு கட்டிக் குழுதான். எத்தனையோ கொடிய நோய்களை அது ஒரே அமர்வில், ஓட்டெடுப்பு நடத்தி, "லேசான நோய்" ஆக்கியிருக்கிறது. அதன் பிறகும் சிலர் செத்துப்போனார்கள் என்றால் அது அவர்களுடைய பொறுப்பின்மை.

அன்று பஸ் டிரைவர் ஓமர் பெரெய்ராவின் பெருங்குடல் விவாதத்துக்கு வந்தது. ஆபரேஷன் செய்தவர் சாட்சாத் லாரால்டே. "எல்லாத்தையும் வழிச்செடுத்துட்டேன், ரெண்டாம் நிலைதான், கீமோகூட வேண்டாம்" என்று அவர் ஏற்கெனவே அறிவித்தாயிற்று. சந்தோஷத்தில் ஓமர் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் விறகு மூட்டி, மாட்டு விலாவை வாட்டி அவருக்கு விருந்தே வைத்துவிட்டார்.

தட்டில் இறைச்சி விழுந்ததும் ஓமரின் மனைவி ஸுல்மா, வழக்கப்படி, "வாட்டினவருக்கு ஒரு கைதட்டு!" என்று குரல் கொடுத்தாள்.

"எனக்கு எதுக்குடி? டாக்டருக்குத் தட்டுங்க!" என்றார் ஓமர்.

தட்டினார்கள். லாரால்டே தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டார். விஞ்ஞானப்படி ஓமர் குணமானது அந்த நிமிஷத்தில்தான்.

இதைக் கெடுப்பதற்கென்றே குழுவின் அமர்வில் திசுப் பரிசோதனை டாக்டர் நேலிடா எழுந்தாள்.

"நிணநீர்க் கணு எல்லாம் சுத்தமா இருக்கு, டாக்டர். ஆனா குடலைச் சுத்தின கொழுப்புல நாலு புற்றுப் படிவு இருக்கு."

"எந்தக் கணுவுல?"

"கணுவுல இல்ல. கொழுப்புல, தனித்தனியா."

"அப்போ விலாசமே இல்லாத கட்டி. ஊர்சுத்திப் பயலை எல்லாம் எப்படிம்மா கணக்குல சேர்க்கிறது?"

"சேர்க்கணும்னுதான் விதி. கணு சுத்தமா இருந்தாலும் படிவு ஒண்ணு இருந்தாலே மூணாம் நிலை. நோய் திரும்பி வர வாய்ப்பு ஜாஸ்தி. கீமோ கொடுக்கலேன்னா ஆளை இழந்துடுவோம்."

"ரெண்டாம் நிலைன்னு சொல்லிட்டேனே! விலாவையும் தின்னாச்சே!"

இந்த வாதத்துக்கு எந்த மருத்துவ நூலிலும் மறுப்பு கிடையாது. குழு பிரமித்தது.

ஜனநாயகவாதியான லாரால்டே, "மூணாம் நிலைன்னு நினைக்கிறவங்க தாராளமா கை தூக்கலாம்" என்றார். மோந்தேவிதேயோ டாக்டர்களுக்குத் தூக்கக் கை ஏது? இடக் கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், இடக் கையில் மாத்தே என்னும் இலைத் தேநீர்க் குடுவை, வலக் கையில் மாட்டுக் கொழுப்பில் பிசைந்து சுட்ட பிஸ்கோச்சோ பன். பிளாஸ்க்கை மேஜையில் வைக்கலாம்தான். ஆனால் ஒரு நோயாளிக்காக அவ்வளவு தூரம் போவார்களா?

நேலிடா மட்டும் பதற்றத்தில் இடக் கையைத் தூக்கினாள். பிளாஸ்க் விழுந்து நொறுங்கியது. வெந்நீர் தலைவரின் ஷூவில் பாய்ந்தது. மொத்தக் குழுவும் குனிந்து ஷூவைத் துடைத்தது. நிமிர்ந்தபோது ஓமர் "ஒருமனதாக" இரண்டாம் நிலையில் இருந்தார். ஷூவுக்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. நேலிடாவும், குழுவின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, வாயை மூடிக்கொண்டாள். வெட்கக்கேடு.

ஓமர் கீமோ இல்லாமல் பஸ் ஓட்டப் போனார். அடுத்த குளிர்காலத்தில் மஞ்சள் பூத்த கண்களோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்.

லாரால்டே அவர் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க ஓமர். நோய்க்கு இப்பதான் ஒரு முறையான விலாசம் கிடைச்சிருக்கு. கல்லீரல். இனிமே யாரும் ஆட்சேபிக்க முடியாது, கணக்குல சேர்த்துடலாம்."

"சேர்த்தா சரியாயிடுமா, டாக்டர்?"

லாரால்டே தன் ஷூவைப் பார்த்தார்.

ஓமரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸுல்மா எழுந்தாள். சற்று முன்புதான் நேலிடா அவளைத் தனியே அழைத்து, காலம் கடந்து, எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தாள்.

"அந்த நாலு கட்டி அன்னிக்கே தெரியுமாமே, டாக்டர்?"

ஸுல்மா இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவள் கக்கத்தில் பிளாஸ்க் எதுவும் இல்லை.

"என் புருஷனை வாட்டினவருக்கு ஒரு கைதட்டு!"

வராந்தா முழுக்க அதிரும்படி அவள் ஒருத்தியே தட்டினாள். லாரால்டே, பழக்க தோஷத்தில், தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.