கொம்பு ஆசை

"இதுல கொம்பையே காணோமேய்யா," என்றார் சேனாதிபதி, நெட் மெக்கானிக் அழகுமலை வராந்தாக் கூரையில் மாட்டிக்கொண்டிருந்த வெள்ளை வைஃபை டப்பாவை அண்ணாந்து பார்த்து.

"ஆன்டெனா உள்ளயே இருக்குங்க. ரூமுக்கு ரூம் பரவும்."

"உள்ள கெடந்தா யாருக்குய்யா தெரியும்?"

செண்பகனூர் மலைச்சரிவில் இருந்த அந்த லாட்ஜுக்கு சேனாதிபதி மேனேஜர். கம்ப்யூட்டரை நிறுத்தச் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்குகிற ரகம். ஆனால் தனக்குத் தெரியாத சங்கதி மலையிலேயே இல்லை என்ற நினைப்பு. 2008 மே மாதம், பெங்களூர் சாஃப்ட்வேர்க் கும்பல் ஒன்று பத்து அறைகளையும் ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே பிடித்திருந்தது. "நெட் இல்லைன்னு அவங்க கெளம்புனா, நீங்களும் பொட்டியைக் கட்டிருங்க," என்று பழனியிலிருந்து முதலாளி தனசேகர் போனில் சொல்லிவிட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? பயத்தில் சிலருக்குப் புத்தி வரும். இவருக்குக் கொம்பு ஆசைதான் வந்தது.

அன்றே மொட்டை டப்பா இறங்கி, மூன்று கொம்பு நீட்டிய டப்பா ஏறியது. மறுநாள் காலை இரண்டு கொம்புகள் குரங்குகளின் கையில் இருந்தன.

அவர் அசரவில்லை. புதுக் கொம்புகள் போட்டு, ஜன்னலுக்கெல்லாம் அடித்திருந்த அதே இரும்புக் கம்பிவலையால் டப்பாவுக்கும் நெருக்கமாக ஒரு கூண்டு அடித்தார். குரங்கு உள்ளே போகவில்லை. நெட்டும் வெளியே வரவில்லை.

"இரும்புக் கூண்டுக்குள்ள பூட்டி வச்சா சிக்னல் எப்பிடிங்க வரும்?" என்றான் அழகுமலை.

"காத்து வருதுல்ல? அது மட்டும் வராதாக்கும்?"

மறுநாள் கும்பல் வந்து இறங்கியது. ஒரு மணி நேரத்தில் பத்து அறைக்காரர்களும் லேப்டாப்போடு கவுன்டரில் நின்றார்கள். சேனாதிபதி அழகுமலையைக் கூப்பிட்டார்.

"ஆளு ஒசரக் கம்பு ஆன்டெனா ஒண்ணு வாங்கி, மேட்டுல இருக்க தண்ணித்தொட்டி மேல நடுய்யா. வெரசா!"

"அது மட்டமா, நேராத்தாங்க வீசும். நம்ம லாட்ஜு அதுக்கு அறுபதடி கீழ கெடக்கு."

"நாங் கேட்டது கம்பு. ஓங்கிட்ட பாடம் கேக்கல."

அழகுமலை நட்டுவிட்டுப் போனான். கோயில் கொடிமரம் மாதிரி நின்ற அதை சேனாதிபதி இரண்டு முறை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அறைகளில் வருகிறதா என்று பார்க்க மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் பத்து மணி வரை கவுன்டரில் ஒரு புகார் இல்லை. அவரே பழனிக்குப் போன் போட்டார்.

"எல்லாரும் வெள்ளனே வேன்ல கெளம்பி ஊர் சுத்தப் போயிட்டாங்க முதலாளி. யாரும் நெட்டைப் பத்தி வாயே தொறக்கல."

"பரவால்லையே, சேனாதிபதி," என்றார் தனசேகர். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. சேனாதிபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

போனை வைப்பதற்குள் கும்பலின் வேன் டிரைவர் வேலப்பன் உள்ளே வந்து, பத்து அறைச் சாவிகளையும் கவுன்டரில் வைத்தான்.

"பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒங்க தண்ணித்தொட்டி ஒசரத்துல இருக்க லாட்ஜுல ரூம் போட்டுட்டாங்க சார். அங்கதான் ஒங்க லாட்ஜு நெட்டு நல்லாக் கெடைக்குதாம்."