மாடிப் பள்ளிக்கூடமும் என் பகல் ஜெபமாலையும்

இயேசு மரி சூசை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி

என் பெரியம்மா பெற்ற மூத்த மகளும், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரும், பிரான்சில் துலூஸ் நகரத்தில் மாமாவோடு வாழ்ந்து வருபவருமான மரியாதைக்குரிய மனோன் அக்காவுக்கு, கீழ்வீட்டுத் தம்பி லூசியன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் மனைவி அமுதவல்லியும் இங்கே நலம். அங்கே உங்கள் காதும் மாமாவின் முழங்காலும் தேவலையாக இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். தலை குனிந்து என்று எழுதியது வழக்கத்துக்காக அல்ல, நிஜமாகவே குனிந்துதான் எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கேட்கிற மாதிரி நான் கத்தினால் மாடிக்கும் கேட்கும், இந்த விஷயம் மாடிக்குக் கேட்கக் கூடாது.

போன மாதம் நான் எழுதிய கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை என்றால் தயவுசெய்து பிரிக்காதீர்கள், பிரித்திருந்தால் மறந்துவிடுங்கள், வக்கீலிடம் கொடுத்திருந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் திரும்ப வாங்கிவிடுங்கள். மாடியில் நீங்கள் வாடகைக்கு விட்ட பள்ளிக்கூடத்தால் எனக்கு உயிர் போகிறது, பிள்ளைகள் காலையிலிருந்து லத்தீனில் கத்துகிறார்கள், படியெல்லாம் மண், அமுதவல்லிக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது, உடனே காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் விடுங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். கடைசிக் காலத்தைப் பிறந்த வீட்டில் கழிக்க நீங்களே திரும்பி வரப்போவதாகக் காரணம் போடுங்கள், அதற்கு மட்டும் எவராலும் மறுபேச்சுப் பேச முடியாது என்று புத்தியும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்தப் புத்தி வந்த மண்டையை இப்போது எங்கே கொண்டு போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அது எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்று உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. லுயீஸ் டீச்சர் நடத்துவது பழைய காலத்துக் கிறிஸ்தவப் படிப்பு முறையாம். சின்னப் பிள்ளைகள் முதலில் எல்லாவற்றையும் பாட்டாக மனப்பாடம் செய்ய வேண்டும், கொஞ்சம் வளர்ந்ததும் ஏன், எதனால் என்று காரணம் கேட்டு வாதாடப் பழக வேண்டும், அதற்கப்புறம்தான் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும். நம் ஊரில் எல்லோரும் நேராக மூன்றாவதிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறோம் என்பது வேறு விஷயம். சுவரில் உண்மை, நன்மை, அழகு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ரேங்க் கிடையாது. வாரத்துக்கு ஒரு நற்குணம், விவேகம், நீதி, துணிவு, அளவுடைமை என்று வரிசையாக வந்து, விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகத்தில் முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நீதி வாரத்தில் நம் வீட்டு மாங்காய் படியில் விழுந்தால் ஒன்று விடாமல் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். துணிவு வாரம்தான் ஆபத்து. ஆறு வயது வாண்டு ஒன்று என் எதிரே வந்து நின்று, "அங்கிள், நீங்க ஆன்ட்டிய ரொம்ப அதட்டுறீங்க" என்று சொல்லிவிட்டு, நடுங்கிக்கொண்டே படியேறிப் போனது. அமுதவல்லி அதைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டு முறுக்கு கொடுத்தனுப்பினாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு என்று எழுதினேனே, அதுவும் பொய். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே மாடியோடு சேர்ந்து "அமோ, அமாஸ், அமாத்" என்று பாடுகிறாள். நேசிக்கிறேன், நேசிக்கிறாய் என்று அர்த்தமாம். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாததை மீனிடம் சொல்கிறாள், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னே எதற்கடா புகார் எழுதினாய் என்று கேட்பீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாடி காலியாகக் கிடந்த காலத்தில் சாவி என்னிடம் இருந்தது அல்லவா, சாயங்காலம் ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் பால்கனியில் நிற்பேன். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து "போன்சுவார் முசியே" என்று மாலை வணக்கம் சொல்வார்கள். வீடு என்னுடையது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் வந்ததும் கீழே இறங்கி வாசலில் நின்றேன். அதே சட்டை, அதே ஆள். கூரியர் கொண்டுவந்தவன், "வாட்ச்மேன் தாத்தா, இத மேல குடுத்துடுங்க" என்று ஒரு பார்சலை என் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதுதான் கேவலம். அன்றைக்குத்தான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். லத்தீனும் இல்லை, மண்ணும் இல்லை அக்கா, இதுதான் காரணம்.

கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு மாடிக்கும் போய்ச் சண்டை போட்டேன். செத்துப்போன பாஷையை எதற்குப் பிள்ளைகள் கத்த வேண்டும், இதைப் படித்து எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று நான் குதிக்க, லுயீஸ் டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்துகொண்டே திட்டுங்கள் முசியே என்றார். கடைசியில், வெள்ளிக்கிழமைதோறும் பெரிய பிள்ளைகள் ஒரு வழக்கை எடுத்து இரண்டு பக்கமும் பேசுவார்கள், இந்த வாரம் உங்கள் புகாரையே எடுத்துக்கொள்கிறோம், வந்து கேளுங்கள் என்றார். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவரை மறுத்துப் பேசுவதற்கு முன்னால் அவருடைய பக்கத்தை, அவரே கேட்டு, நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்லிவிட்டாய் என்று ஒப்புக்கொள்ளும்படி பேசிக்காட்ட வேண்டுமாம். பிறரை நேசி என்று சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி தனக்குத் தெரியவில்லை என்றார் டீச்சர். இதெல்லாம் என்னைக் கூட்டத்தில் வைத்துக் கிண்டல் செய்யப் போடுகிற திட்டம் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சுடர்விழி என்ற பெண் கீழே வந்தாள். பதினோரு வயது இருக்கும், அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். என் பக்கம் பேச அவளைத்தான் போட்டிருந்தார்கள். என் கஷ்டத்தை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருந்தாள். எந்த நேரத்துச் சத்தம் ரொம்பத் தொந்தரவு என்று கேட்டாள், மத்தியானம் இரண்டு மணி என்றேன். அது உண்மைதான்.

"அந்த நேரத்துல என்னா பண்ணுவீங்க அங்கிள்?"

அந்த நேரத்தில் நான் முந்தின நாள் பார்த்த சீரியலையே மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டு, பாதியில் வாயைப் பிளந்து தூங்குவேன். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எங்கம்மா ஆத்துமத்துக்காக ஜெபமாலை சொல்லுவேம்மா" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. தினமுமா என்று கேட்டாள், தினமும்தான் என்றேன். சமையல்கட்டில் அமுதவல்லி கரண்டியைக் கீழே போட்டாள். உங்கள் சித்தி மட்டும் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் சிரித்தே செத்துப்போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நான் பதிலுக்குக் கொடுக்க நாலு சூடான வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு, அமுதவல்லியையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். சுடர்விழி எழுந்து நின்றாள். கையில் ஒரு தாள்கூட இல்லை. "லூசியன் அங்கிள் நமக்கு முன்னாடியே இந்த வீட்ல இருக்காரு. அவங்க அக்கா வீட்ட இத்தன வருஷமா அவருதான் காவல் காத்துப் பாத்துக்கிறாரு. நாம மண்ணு காலோட ஏறுறோம், அவரு ஆன்ட்டியோட சேந்து பெருக்குறாரு, ஒரு நாளும் நம்மள ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்ப அவரு கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். செத்துப்போன அவங்க அம்மாவோட கொஞ்ச நேரம் இருக்கணும்னு கேக்குறாரு. அதக்கூட குடுக்காம நாம ஜெபம் படிச்சி என்னா ஆவப்போவுது?" என்று முடித்தாள். அக்கா, நான் ஜென்மத்தில் துடைப்பத்தைத் தொட்டதில்லை. அவள் சொன்ன அந்த நல்ல மனுஷன் யார், எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்று தேடுகிற மாதிரி அமுதவல்லி என்னைப் பார்த்தாள். என்னை மறுத்துப் பேச வேண்டிய இனியவன் என்ற பையன் எழுந்து, தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அங்கிள் பக்கம்தான் நியாயம் என்று உட்கார்ந்துவிட்டான். சுடர்விழி உங்கள் பக்கத்தைச் சரியாகச் சொன்னாளா என்று டீச்சர் என்னைக் கேட்டார். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள் என்றேன். அந்த இரண்டு மணியை விட்டால், அந்த வாரம் முழுக்க என் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி படியேறுகிறார்கள். இரண்டு மணி ஆனால் மாடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதோடு விட்டிருந்தால் நானும் சீரியலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் பாவியாகவே இருந்திருப்பேன். அந்த வாரம் பார்த்து தேவசிநேக வாரமாம், தனியாக ஜெபிக்கிறவருக்குத் துணை இருக்க வேண்டும் என்று தினமும் இரண்டு பிள்ளைகளை என்னோடு சேர்ந்து ஜெபமாலை சொல்லக் கீழே அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஜெபமாலையே கிடையாது. அமுதவல்லியுடையதை அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி இரவல் வாங்கினேன். முதல் நாள் திங்கட்கிழமை, எந்தக் கிழமைக்கு எந்தத் தேவரகசியம் என்றுகூட நினைவில்லாமல் நான் பாட்டுக்குத் துக்க தேவரகசியத்தை ஆரம்பிக்க, "இன்னிக்கு சந்தோஷம் அங்கிள்" என்று ஒரு பொடிசு என் காதில் மெல்லச் சொன்னது. மற்றவர்களுக்குத் தெரியாமல் சொன்னது, எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாதாம். முட்டி போட்டுப் போட்டு எனக்கும் மாமா மாதிரியே முழங்கால் வலி வந்துவிட்டது. சுடர்விழி மட்டும் ஒவ்வொரு நாளும் போகும்போது என் அம்மாவைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்டுவிட்டுப் போகிறாள். அம்மாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று நேற்றுக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அக்கா. உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே நோட்டீஸ் வேண்டாம். பள்ளிக்கூடம் இருக்கட்டும். ஒருவேளை விஷயம் அரசல்புரசலாக அவர்களுக்குத் தெரியவந்தால், யோசனை எல்லாம் உங்களுடையது, பிறகு நீங்களே மனம் மாறிவிட்டீர்கள் என்று இருக்கட்டும், என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். ஜெபமாலை விஷயமும் நமக்குள் இருக்கட்டும். இப்போதுதான் தினமும் சொல்கிறேனே, போகப் போக அது உண்மையாகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தத்தையும் சேர்த்துவிடுங்கள். குளிருக்குக் காதை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். சகல புனிதர்களும் உங்கள் வீட்டைக் காவல் காக்கட்டும், இங்கே இருக்கிற காவல்காரனைத்தான் பார்த்துவிட்டீர்களே. அமுதவல்லி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

உங்கள் வெட்கங்கெட்ட தம்பி,
லூசியன்

பின்குறிப்பு: என் பெயரை மறைக்கச் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். அனுப்பத் தைரியம் வராமல் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது, அதற்குள் உங்கள் வக்கீல் நோட்டீஸ் மாடிக்கு வந்துவிட்டது. நான் எழுதிக்கொடுத்த காரணம் அச்சடித்த மாதிரி அதில் இருந்தது. என் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறீர்கள், இதற்கு மட்டும் ஏன் கேட்டீர்கள்? இன்று வெள்ளிக்கிழமை, நோட்டீஸையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். உங்கள் பக்கம் பேசியது சுடர்விழி. உங்களுக்குக் காது மந்தம் என்று எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தேன். "காது கொஞ்சமாவது கேக்குறப்பவே அவங்க வந்து நம்ம மாதா கோயில் மணியக் கேக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான், பாதிப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். காலி செய்வதுதான் நீதி என்று தீர்மானமாகி, லாஸ்பேட்டையில் இடம் தேடுகிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். தெருப்பக்கத்து அறையைப் பெருக்கி உங்களுக்குத் தயார் செய்யலாமா என்று இனியவன் என்னைக் கேட்டான். பிறகு உங்கள் பயணம் நல்லபடியாக அமைய ஜெபிப்பதற்காக எல்லோரும் முட்டி போட்டார்கள். ஆரம்பிக்க வேண்டியவன் நான். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா வரல. அப்படி எழுதச் சொன்னதே நான்தான்" என்றேன். ஜெபமாலையும் பொய் என்றேன். பால்கனி, கூரியர் எல்லாவற்றையும் சொன்னேன். சுடர்விழி பக்கம் என்னால் திரும்பவே முடியவில்லை. லுயீஸ் டீச்சர், அப்படியானால் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இதுதான் வழக்கு, அங்கிள் பக்கம் யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார். ரொம்ப நேரம் ஒரு கையும் உயரவில்லை. உயராது என்று எனக்கும் தெரியும். அப்புறம் சுடர்விழி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானே பேசுறேன் டீச்சர்" என்றாள்.

நோட்டீஸைத் திரும்ப வாங்கிவிடுங்கள், காரணம் என்று என் பெயரையே போடுங்கள். இனி நீங்கள் போனிலும் பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பேசுங்கள் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. போன தடவை மாதிரியே அவள் ஜெயித்துவிடுவாள்.