கழற்றி வைத்த பல்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை என் லோடு வேன் வாசலை விட்டு நகரக் கூடாது என்று முடிவு செய்தேன். வாரம் முழுக்கப் பட்டு நூல் மூட்டைகளைச் சுமக்கிறவன் நான். ஒரு நாளாவது பாய் என்னைச் சுமக்கட்டுமே.

ஆனால் என் மனைவி ஏலவார்குழலியின் அக்கா சங்கரி அன்றைக்குத்தான் ஐயம்பேட்டையிலிருந்து முசரவாக்கத்துக்கு வீடு மாறுகிறாள். காஞ்சிபுரத்தில் எத்தனை வண்டி இருந்தாலும் அக்காவுக்கு என் வண்டிதான் வண்டி. முடியாது என்று குழலியிடம் சொல்லும் தைரியம் எனக்கு உண்டு. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனேன். இடது இண்டிகேட்டரின் ஆரஞ்சு மூடியைக் கழற்றினேன். பல்பை எடுத்துக்கொண்டு மூடியை மறுபடி மாட்டினேன். இவ்வளவு நேர்த்தியாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

காலையில் காபி குடித்ததும் ஆரம்பித்தேன்.

"குழலி, பின்னால இடது இண்டிகேட்டர் எரியல. பல்பு போயிடுச்சு."

"அதுக்கு?"

"அதோட ரோட்ல போவக் கூடாதுமா. நம்மள விடு. பின்னால வர்றவன் புள்ளகுட்டிக்காரனா இருப்பான்."

"அப்படியா."

அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போடவில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"கழட்டின பல்பு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"சட்டைப் பையிலயா?"

நேற்று நான் போட்டிருந்த சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பல்பு அவள் உள்ளங்கையில் இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள இருக்கிற இழை அறுந்திருக்கணுமே. முழுசா இருக்குது."

"அது ரொம்ப மெல்லிசுமா. உன் கண்ணுக்குத் தெரியாது."

"பொறந்ததுல இருந்து தறியில உக்காந்துக்கினு இருக்கேன். இழை அறுந்தா எனக்குத் தெரியாதா?"

குழல் விளக்கில் பாதியைப் பேரிலேயே வைத்திருக்கிறவளிடம் விளக்கு விஷயத்தில் விளையாடியது என் தப்பு.

திருப்புளியோடு அவளே தெருவுக்கு வந்தாள். மூடியைக் கழற்றி, பல்பை உள்ளே வைத்து அமுக்கி ஒரு திருப்பு திருப்பினாள். தறியில் இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிப் பழகிய கை. நான் உள்ளே உட்கார்ந்து இண்டிகேட்டரைப் போட்டேன். வெட்கமில்லாமல் எரிந்தது.

எதிர் வீட்டுப் பரமசிவம் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணாயிரம், காலையிலயே பல்பு வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஐயம்பேட்டையில் பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் ஏற்றினோம். மெத்தைக்கு உள்ளே இடமில்லை. வேனின் மேலே போட்டுக் கட்டினோம். போகப் போக அது இடது பக்கம் சரிந்து, கண்ணாடியையும் குழலியின் ஜன்னலையும் மறைத்துவிட்டது. முசரவாக்கத்தில் புது வீட்டுத் தெரு வந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டுத் திருப்பினேன்.

பின்னால் பிரேக் போடும் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினேன். என் வேனை ஒட்டினாற்போல் இடது பக்கத்தில் ஒரு பைக். அதில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் தூங்கி வழியும் ஒரு குழந்தை.

"நல்லவேளை லைட்டு போட்டீங்கண்ணா" என்றான் பைக்கை ஓட்டி வந்தவன். "இல்லன்னா நேரா உள்ள பூந்திருப்பேன்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் போகவில்லை. காலையில் நான் பொய்க்கு இழுத்துவிட்ட அந்தப் புள்ளகுட்டிக்காரன் நிஜமாகவே வந்து நின்றுவிட்டுப் போகிறான். பல்பு என் சட்டைப் பையிலேயே இருந்திருந்தால்? ஆரஞ்சு மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.

குழலி இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்க. ஒண்ணும் ஆவல."

"நீ அத மாட்டலன்னா..."

"மாட்டலன்னா நீங்க கெளம்பியே இருக்க மாட்டீங்க. குடிங்க."

புது வீட்டில் சாமான்களை இறக்கினோம். பல்பை ஒளித்து வைத்த கதையை அக்காவிடம் சொல்லி மானத்தை வாங்குவாள் என்று பயந்துகொண்டே பீரோவைத் தூக்கினேன். அவள் சொன்னது வேறு.

"காலையிலயே இவருதான்க்கா இண்டிகேட்டர் எரியலன்னு சொன்னாரு. பின்னால வர்றவங்களுக்கு ஆபத்துன்னு ஒரே பேச்சு. சரி பண்ணிட்டுத்தான் வந்தோம்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சகலை ஜெயக்குமார் என் தோளைத் தட்டி, "பொறுப்பான ஆளு சகலை நீங்க" என்றார். சங்கரி பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குழலி மாதிரி ஒருத்தி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. நன்றியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இனிமே நம்ம சொந்தத்துல யார் வூடு மாறினாலும் என் வண்டிதான். யாரும் வெளியில போய் வண்டி கேக்க வேணாம்."

குழலி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் சொல்லல? நம்ம கேக்கவே வேணாம், அவரே சொல்லுவாருன்னு. உன் நாத்தனாருக்குப் போன் போடு. மத்தியானமே வர்றோம், சாமானக் கட்டி வெக்கச் சொல்லு."

நாத்தனார் குடியிருந்தது லிப்ட் இல்லாத மூன்றாவது மாடி.