ஆறு மணி டானிக்

இந்த லீவில் ஒரு நாள்கூட விடியற்காலையில் கண் விழிப்பதில்லை என்று டைம்கீப்பர் தீர்மானம் செய்தார். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். பதினெட்டு வருடமாக பஸ் டெப்போவில் முதல் வண்டிக்கு நேரம் எழுதுகிறவருக்கு இது வாழ்க்கை லட்சியம். நாலேகாலுக்கு எழுந்து, நாலே முக்காலுக்குக் கம்பி வலை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, ஐந்து மணி வண்டி ஐந்து மூன்றுக்குக் கிளம்பினால் அந்த மூன்று நிமிடம் எங்கே போனது என்று டிரைவரை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். அவருக்குக் கனவு வருவதே நின்று போயிருந்தது. கனவு வருகிற நேரத்தில் அவர் டியூட்டியில் இருந்தார்.

பாடாய்ப்பட்டுப் பத்து நாள் லீவு வாங்கினார். பத்து நாளையும் தூங்கியே தீர்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்தபோது, மனைவி அந்தப் பத்து நாளையும் தன் அண்ணன் வீட்டுக்கு ஒதுக்கி முடித்திருந்தாள்.

அண்ணன் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார், டிரில்லிலிருந்து இல்லை. விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. காலை ஐந்தரைக்கு விருந்தாளியின் போர்வையை உருவுவார். போன தடவை மாப்பிள்ளை என்ற மரியாதை கொஞ்சமும் குறையாமல் டைம்கீப்பரை மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடவிட்டார். வீடு திரும்பிய பிறகும் ஒரு வாரத்துக்கு அவர் படிக்கட்டைக் கண்டால் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார்.

வரமாட்டேன் என்று மனைவியிடம் நேராகச் சொல்லலாம்தான். அப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு காரணம் வேண்டும், அதுவும் உடம்பு சம்பந்தப்பட்ட காரணமாக இருந்தால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

காரணம் மாடியிலிருந்து இறங்கி வந்தது. மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் டைம்கீப்பரின் இருமலைக் கேட்டுவிட்டு, "டெப்போ புகைதான் சார் இது. வீட்டிலேயே ஒரு வினிகர் டானிக் போடுங்க. நாலு வாரம் ஊறணும், அப்பப்போ குலுக்கணும்" என்று செய்முறை முழுவதையும் சொன்னார். டைம்கீப்பர் தலையாட்டினார். அவர் மனசு 'குலுக்கணும்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காரியத்தில் இறங்கினார். பூண்டு உரித்தார். இஞ்சியைச் சீவினார். வெங்காயத்தை நறுக்கி அழுதார். மிளகாயைக் கீறினார், கீறிய கையால் கண்ணைத் துடைத்தார், அதன் பிறகு கால் மணி நேரம் வேலை நடக்கவில்லை. பிறகு மிளகைத் தட்டி, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாவற்றையும் பெரிய கண்ணாடி ஜாடியில் திணித்து, மூழ்கும்வரை வினிகர் ஊற்றினார். தகர மூடியை வினிகர் அரித்துவிடும் என்று நடுவில் ஒரு மெழுகுத்தாளை வைத்து இறுக்கி மூடினார்.

முன் அறையில் மனைவி தையல் மெஷினில் ஒரு கோட்டுக்கு லைனிங் அடித்துக்கொண்டிருந்தாள். வாசம் அங்கே போய் அவளைத் தும்ம வைத்தது.

"என்னங்க அது, ஊறுகாயா?"

"டானிக். என் இருமலுக்கு." டைம்கீப்பர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "ஆனா ஒரு சிக்கல். தினமும் குலுக்கணும். காலைல ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு தடவை. ஒரு வேளை தப்பினாலும் மொத்தமும் வீண்."

மெஷின் நின்றது.

"அவ்வளவுதானே? ஜாடியைக் கையோட எடுத்துட்டுப் போயிடலாம்."

"பஸ்ல கொண்டு போகக்கூடாது."

"ஏன்?"

"குலுங்கும்."

"குலுக்கணும்னுதானே சொன்னீங்க?"

"அது வேற குலுக்கல். நான் குலுக்கினா அளவா இருக்கும். பஸ் குலுக்கினா அளவே இருக்காது. பஸ்ஸைப் பத்தி எங்கிட்டயா பேசறே?"

"சரி, மாடி வீட்டுல குடுத்துட்டுப் போவோம். அவர் குலுக்கட்டும்."

"கை மாறக்கூடாது."

"மாறினா?"

"திரிஞ்சுடும்."

"வினிகரா? அதுவே புளிச்சுப் போனதுதானேங்க?"

"இன்னும் புளிச்சுடும்."

மனைவி நூலைக் கத்தரித்தாள். பிறகு கோபிக்காமல், குரலைக்கூட உயர்த்தாமல், "பாவம், உடம்புதானே முக்கியம். நீங்க இருங்க, நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றாள். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவர் இந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். டைம்கீப்பருக்கோ குஷியில் தலைகால் புரியவில்லை.

"காலைல ஆறா, ஆறரையா?" என்று கேட்டாள்.

"ஆறு. கரெக்டா ஆறு."

"எத்தனை தடவை குலுக்கணும்?"

"நூறு." கேட்கிறவள் நம்பிவிட்டாள் என்ற தெம்பில் வாயில் வந்ததைச் சொன்னார். அவள் அதைத் துணி அளவு எழுதும் நோட்டில், யாருடைய இடுப்பளவுக்கோ கீழே, பொறுப்பாக எழுதிக்கொண்டாள்.

மறுநாள் பதினொரு மணி வண்டியில் அவளை ஏற்றிவிட்டார். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார வைத்து, டிரைவரிடம் பத்திரம் என்று சொல்லி, வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியதைக் கடிகாரத்தில் சரிபார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திரைகளை இழுத்துவிட்டார். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டார். ஜாடியை எட்டாத அலமாரியில் ஏற்றிவிட்டுக் கட்டிலில் விழுந்தார். சந்தோஷத்தில் தூக்கம் வரவே இரண்டு மணி நேரம் ஆனது.

வந்த தூக்கம் கதவைத் தட்டும் சத்தத்தில் கலைந்தது. திறந்தார். இரண்டு கையிலும் பையோடு, கழுத்தில் விசிலோடு டிரில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை! தங்கச்சி போன்ல எல்லாம் சொன்னா. உங்களால நகர முடியலைன்னா என்ன, நான் நகர மாட்டேனா?"

அண்ணன் வந்த பஸ்ஸும் தங்கை போன பஸ்ஸும் வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்கும். எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் என்றுகூட டைம்கீப்பரால் சொல்ல முடியும். அதனால் அவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

"உங்க வீட்டு அக்கா வரலையா, மச்சான்?"

"அவ எதுக்கு? தங்கச்சிக்குத் துணைக்கு விட்டுட்டு வந்துட்டேன். பத்து நாளும் நாம ரெண்டு பேர்தான்!" சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். "காலை ஆறு. மாலை ஆறு. நூறு தடவை. கை மாறக்கூடாது. அடேயப்பா, நீங்க இவ்வளவு ஒழுங்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே! ஆறுக்கு இன்னும் அரை மணி இருக்கு. உடம்பை முதல்ல சூடு பண்ணிக்குவோம்."

அன்று மாலை குலுக்கினார். மறுநாள் காலை ஐந்தரைக்குப் போர்வை உருவப்பட்டது. ஆறுக்கு விசில் அடித்தது. ஒரே கையால் நூறு குலுக்கினால் ஒரு தோள் மட்டும் பெருத்துவிடும் என்று டிரில் மாஸ்டர் கவலைப்பட்டார். அதற்காக வாசலில் கிடந்த செங்கல் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் இன்னொரு கையில் கொடுத்தார். வலது கையில் ஜாடி, இடது கையில் செங்கல். எதிரில் எண்ணிக்கை. அறுபத்தெட்டு வரும்போது டைம்கீப்பர் இருமினார். இருமியது கணக்கில் சேராது என்று சொல்லி மாஸ்டர் மறுபடி அறுபதிலிருந்து ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. "நாலு வாரம் கழிச்சு நல்லது செய்யறது இன்னைக்கு மட்டும் கெடுதலா செய்யப்போகுது?" என்று ஜாடியைத் திறந்து ஆளுக்கு ஒரு கரண்டி வடித்தார். டைம்கீப்பருக்கு நாக்கு சுருண்டது, காது அடைத்தது, கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. இருமல் நின்றது, இருமுவதற்கு மூச்சு வேண்டுமே. மாஸ்டரும் குடித்தார். ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "அருமை" என்றார். அன்று முதல் குலுக்கல் முடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி என்று சட்டமாகிவிட்டது.

நாலாம் நாள் காலை, மாஸ்டர் குளிக்கப் போன நேரம் பார்த்து டைம்கீப்பர் போனை எடுத்தார். மணி ஒன்பதரை. ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் மனைவி எடுத்தாள்.

"சொல்லுங்க."

"உங்க அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கோ. அந்த டானிக்குக்கு ஆறு மணியும் கிடையாது, நூறும் கிடையாது. எல்லாம் நானா சொன்னது."

"தெரியுமே. நீங்க ஜாடியை மூடின அன்னைக்கே மாடிக்குப் போய்க் கேட்டுட்டேன். ஞாபகம் வர்றப்போ குலுக்கினாப் போதுமாம்."

"தெரிஞ்சேவா அவரை அனுப்பினே?"

"அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன். கையோட உங்களை இங்கே கூட்டிட்டு வந்துடுவார்."

டைம்கீப்பர் ஜாடியைப் பார்த்தார். மைதானத்தை நினைத்தார். அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"இப்படிப் பண்ணிட்டியே! பத்து நாள் நல்லாத் தூங்கணும்னுதான் இவ்வளவும் செஞ்சேன். வேற ஒண்ணும் கேக்கலையே நான்!"

"அதை எங்கிட்டயே நேராச் சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? ரெண்டு பேரும் வீட்டுலயே கிடந்து தூங்கியிருக்கலாம்."

"தோணலையே!" என்று கத்தினார் டைம்கீப்பர்.

"ஷ்ஷ், மெதுவாங்க," என்றாள் மனைவி கொட்டாவியோடு. "அண்ணி இன்னும் எழுந்திருக்கலை."