குறை சொல்ல ஆள் தேடிய மூணுமாடி ஹாஜியார்

வீட்டுக்காரர்களில் இரண்டு வகை உண்டு. வாடகைக்கு இருப்பவன் குறை சொன்னால் கோபிப்பவர்கள் முதல் வகை. உலகத்தில் உள்ள அத்தனை வீட்டுக்காரர்களும் இதற்குள் அடக்கம். இரண்டாவது வகையில் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் எங்கள் மூணுமாடி ஹாஜியார். தன் வீட்டை யாராவது புகழ்ந்தால் அவருக்குப் பொல்லாத ஆத்திரம் வரும்.

அவரிடம் போய்ச் சேருவதற்கு முன்னால் புத்தளத்தில் நாங்கள் வீடு மாறாத தெரு இல்லை. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். சண்டை முடிந்து, 'இனி ஊருக்குப் போகலாம்' என்றார்கள். போய்ப் பார்த்தோம். வீடு நின்ற எங்கள் வளவில் என்னை விட உயரமாகப் பற்றைக்காடு நின்றது. நான் கட்டை ஆள் என்பதால் அது பெரிய விசயமில்லை, ஆனால் பற்றைக்குள் குடும்பம் நடத்த என் மனைவி சம்மதிக்கவில்லை. எனக்குப் படிப்பிக்கும் வேலை புத்தளத்தில்தான் இருந்தது. ஆகவே திரும்பி வந்து மறுபடியும் கதவு கதவாகத் தட்டினோம்.

"பிள்ளை எத்தனை?"

"ஒண்டுதான்."

"சத்தம் போடுமா?"

"பிள்ளையெண்டால் கொஞ்சம்..."

"அப்ப சரிவராது."

ஒரு வீட்டுக்காரர் தன்னுடைய அலுமாரியைக் கூடத்தில் விட்டுவிட்டுத்தான் எங்களுக்கு வீடு தந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, அலுமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். எங்களிடம் சுகம் விசாரித்ததே இல்லை. உண்மையில் வாடகைக்கு இருந்தது அலுமாரிதான், நாங்கள் அதற்குக் காவல். இன்னொரு அம்மா, நாங்கள் மீன் பொரிக்கிற நாளில் மட்டும் சரியாக வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார், எண்ணெய் பிடித்திருக்கிறதா என்று. தடவிய கையால் இரண்டு துண்டு பொரியலும் எடுத்துக்கொண்டு போவார்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடையில் உட்கார்ந்து வயிறெரிந்து பேசிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியில் சீனி கூட என்றேன். சாயம் குறைவு என்றேன். உட்கார்ந்த வாங்கு ஆடுகிறது, தொட்டுத் தின்னும் பாண் நேற்றையது, ஈக்கள் மட்டும் இன்றையவை என்றேன். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் சாறனுமாக ஒரு பெரியவர். நான் பேசப் பேச அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் என் தோளில் கை வைத்தார்.

"மாஸ்டர், ஒங்களுக்கு ஊடு கீடு வேணுமா?"

அவர்தான் மூணுமாடி ஹாஜியார். கற்பிட்டி வெங்காயத்தை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாடி என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சீதன வீடு கட்டிக்கொண்டிருந்தார். கீழ்மாடி மூத்த மகளுக்கு. அதில் ஹாஜியாரின் குடும்பமே இருந்தது. நடுமாடி நடு மகளுக்கு. மேல்மாடி சின்னவளுக்கு. அது இன்னும் தூணாகத்தான் நின்றது. வெங்காயம் விலைபோன வருசத்தில் ஒரு சுவர் எழும்பும், விலை விழுந்த வருசத்தில் காகம் குந்தும்.

எங்களுக்குக் கிடைத்தது நடுமாடி. நிபந்தனை இரண்டுதான். "செவத்துல ஆணி அடிக்கப்படாது. அது எண்ட புள்ளட செவரு." மற்றது, "மாப்புள்ள அமையுற வரைக்கும்தான் ஒங்களுக்கு ஊடு. அமைஞ்சா எழும்போணும்."

காற்றோட்டமான வீடு. மகளின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். பொதி கட்டிக் கட்டியே கை காய்த்துப்போன என் மனைவி யன்னலைத் திறந்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, எனக்கு இனி மாறேலாது. அந்தப் பிள்ளைக்கு அவசரமா மாப்பிள்ளை பாக்க வேண்டாமெண்டு கடவுளைக் கும்பிடுங்கோ." அயலார் வீட்டுப் பெண்ணின் கலியாணம் நடக்கக் கூடாது என்று கோயிலில் தேங்காய் உடைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தேங்காய் சரியாக உடையவில்லை போல. ஒரு மாதம் போகவில்லை, ஹாஜியார் படியேறி வந்தார். "மாஸ்டர், நாளைக்கு மாப்புள்ள ஊட்டாக்கள் ஊடு பாக்க வாறாங்க. ஏதும் கேட்டா ஊட்டப் பத்திச் சொல்லுங்க."

வந்தார்கள். ஹாஜியார் அவர்களை உள்ளே விட்டுவிட்டு, "நான் தேத்தண்ணியப் பாக்குறேன்" என்று படியில் இறங்கினார். மாப்பிள்ளையின் மாமா தரையைக் காலால் தட்டினார். மாமி குசினித் தண்ணீரைத் திறந்து மூடினார். பிறகு என்னிடம் கேட்டார்கள், வீடு எப்படி என்று.

நான் நன்றியுள்ள மனிதன். காற்று என்றேன், வெளிச்சம் என்றேன், இப்படி ஒரு வீடு இந்தப் பக்கத்தில் இல்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. நானே எங்களை வீதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்த முகத்தோடு போனார்கள்.

படியில் ஒளித்து நின்ற ஹாஜியார் தொப்பியைக் கழற்றி அடிக்காத குறையாக உள்ளே வந்தார்.

"என்ன மாஸ்டர் இப்புடிச் செஞ்சிட்டீங்க! தேத்தண்ணிக்கடைல பேசின வாய் எங்க போச்சு?"

"நல்ல வீட்டை நல்லதெண்டு..."

"ஒங்கள நான் என்னத்துக்குக் கூட்டி வந்தேன்? புகழுறத்துக்கா? புகழுறத்துக்கு எண்ட மச்சினன்மார் ஏழு பேர் இரிக்காங்க!"

மூச்சு வாங்கிவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, குரலை இறக்கிச் சொன்னார். மூத்தவளைக் கேட்டு வந்தவர்கள் வீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். வீட்டைப் பார்த்த அளவுக்குப் பிள்ளையைப் பார்க்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை கேட் கேட்டான், ஏசி கேட்டான், கடைசியில் வேன் கேட்டான். "வேன் வந்துச்சு. வேனோட அவனும் போய்ட்டான். புள்ள எங்களோட இரிக்கா."

அதனால்தான் இந்தமுறை வித்தியாசமான ஏற்பாடு. வாடகைக்கு இருப்பவன் வீட்டைப் பற்றி வாய்க்கு வந்த குறையெல்லாம் சொல்ல வேண்டும். "கொறையக் கேட்டதும் அவங்கட வாயில அடுத்ததா என்ன வருதுண்டு நான் படியில நிண்டு கேப்பேன். அத வெச்சித்தான் புள்ளயக் குடுக்குறது."

இப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்குக் கிடைக்கும்! வீட்டைக் குறை சொல்ல வேண்டும், அதுவும் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு. குறை பலித்தால் மாப்பிள்ளை போவான், நான் இருப்பேன். சோதித்துப் பார்க்காத முதல் கூட்டத்துக்கு ஹாஜியாரே ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு நான் தயாராக இருந்தேன்.

சிலாபத்துப் பக்கத்திலிருந்து வந்தார்கள். "தண்ணியில உப்பு. கேத்தல் வெள்ளையாப் போச்சு" என்றேன். மாப்பிள்ளையின் தகப்பன் உடனே, "அப்ப ஹாஜியார் பில்ட்டர் ஒண்டு பூட்டிக் குடுப்பாருதானே?" என்றார். படியில் இருமல் சத்தம் கேட்டது. அந்தக் கூட்டம் முடிந்தது.

குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு கூட்டம். "காத்து மாறினால் கருவாட்டு மணம் அறைக்குள்ள படுத்திருக்கும்" என்றேன். "ஏசி போட்டா நிண்டுடும், ரெண்டு அறைக்கும் போடச் சொல்லுவம்" என்றார் மாமா. இருமல். வேறொரு கூட்டத்தில் ஒரு பெரியப்பா சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அறையை அளந்தார். அன்றைக்கு நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. இருமலே வந்துவிட்டது.

நாளாக நாளாக என் கலை முதிர்ந்தது. என் மனைவியும் மேடையேறினாள். தேத்தண்ணி கொண்டுவரும்போது, "கரப்பொத்தான் விழுந்திருக்கோ தெரியேல்லை, பாத்துக் குடியுங்கோ" என்பாள். சில நேரம் வீட்டுக் குறையிலிருந்து தாவி என் குறைகளுக்குள் போய்விடுவாள். அதில் அவளுக்குச் சரக்கு அதிகம். வந்தவர்கள் வீட்டை மறந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நடு மகளுக்கும் எல்லாம் தெரியும். பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் பிள்ளை. படியில் கண்டால் சிரிப்பாள்.

"மாஸ்டர், மூட்டப்பூச்சி இன்னும் சொல்லல்லயே?"

"அதை நல்ல மாப்பிள்ளைக்கெண்டு வச்சிருக்கிறன் பிள்ளை."

"வாப்பாக்கு இருமல் மருந்து வாங்கி முடியல்ல. கெதியா ஒண்ட முடிங்க."

அவசரமாக முடிப்பதா? நான் மனசுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் பின்நேரம் கற்பிட்டியிலிருந்து ஒரு தாயும் மகனும் மட்டும் வந்தார்கள். மாமா இல்லை, பெரியப்பா இல்லை, அளவு நாடா இல்லை. அங்கே வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிற பொடியன். தாய் கதிரையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பொடியன் நின்றான்.

நான் உப்புத் தண்ணீரில் தொடங்கினேன். பொடியன் தலையாட்டினான். கருவாட்டு மணம் என்றேன். "அது எங்களுக்குப் பழகின மணம்" என்றான். எனக்கு முதல்தரம் பயம் பிடித்தது. நுளம்பு, கரப்பொத்தான், வைத்திருந்த மூட்டைப்பூச்சி எல்லாவற்றையும் இறக்கினேன். அவன் அசையவில்லை. வீடு கையைவிட்டுப் போவது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஹாஜியார் சொல்லித்தராத ஒன்றை எடுத்துவிட்டேன்.

"தம்பி, சொல்லக் கூடாது. ஆனாச் சொல்லாமலும் இருக்கேலாது. இந்த வீட்டில ஜின் இருக்கு."

படியில் இருமல் வரவில்லை. ஏதோ உருண்டு விழுந்த சத்தம்தான் வந்தது.

பொடியன் கொஞ்சம் யோசித்தான். "ஜின் இரிந்தும் நீங்க எழும்பாம இரிக்கீங்களே மாஸ்டர். வேற ஊடு கெடைக்கல்லயா?"

அவன் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"அப்ப நாங்க இந்த ஊட்ட எடுத்தா நீங்க எங்க போவீங்க?"

இத்தனை கூட்டம் வந்தது. இத்தனை பேர் தரையைத் தட்டினார்கள், தண்ணீரைத் திறந்தார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. புத்தளத்திலேயே பெரிய வாய்க்காரன் நான், அதுவரை நின்ற பொடியனுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். பொடியனின் தாய் என் மனைவியின் கையைப் பிடித்து, "எங்களுக்கு அவசரமில்ல மகள். கலியாணத்துக்குப் பொறகு புள்ள எங்களோட கற்பிட்டில இரிக்கட்டும். நீங்க ஆறுதலா எடம் பாருங்க" என்றார். குறை சொல்ல வந்த என் மனைவி குசினிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

கதவு படாரென்று திறந்தது. ஹாஜியார். "ஜின்னும் இல்ல ஒண்டும் இல்ல! தம்பி, இது எப்புடிக் கட்டின ஊடு தெரியுமா?" என்று தொடங்கினார். அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்த பெருமையெல்லாம் வெளியே வந்தது. சீமெந்தைச் சொன்னார், கம்பியைச் சொன்னார், கடலிலிருந்து வரும் காற்றுக்கு யன்னல் வைத்த கதையைச் சொன்னார். பொடியன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். மாப்பிள்ளை அமைந்துவிட்டான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

கலியாணத்தில் நான் இரண்டு முறை புரியாணி சாப்பிட்டேன். துக்கம்.

ஆறுதலாகத்தான் வீடு தேடினோம். போகிற இடமெல்லாம் ஹாஜியாரும் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். "நீங்க ஏன் ஹாஜியார் மினக்கெடுறியள்?" என்றால், "சும்மா வாங்க மாஸ்டர்" என்பார்.

களப்புக் கரைப் பக்கம் ஒரு மாடி வீடு பிடித்திருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால் அதிபர், கீழ்மாடியில் தனி ஆள். எங்களை உட்காரவைத்துவிட்டு ஹாஜியாரிடம் கேட்டார்: "இவங்க எப்புடி, நல்ல ஆக்களா?"

ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"என்னத்தச் சொல்ல. மாஸ்டர் வாய் ஓயாத ஆளு. தண்ணியத் தொறந்தா மூட மறந்துடுவாரு. அவங்கட புள்ள படியில குதிச்சிக் குதிச்சித்தான் எறங்கும். ஊடு நிறைய ஊராக்கள் வருவாங்க, வந்தா ராத் தங்குவாங்க. எண்ட செவத்துல எனக்குத் தெரியாம ஆணி அடிச்சி, சாமிப் படம் கொழுவி, ஆணி தெரியாம மறச்சி வெச்சாரு. எனக்குத் தெரியாதுண்டு இன்னமும் நெனச்சிட்டிரிக்காரு."

என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். நான் நிலத்தைப் பார்த்தேன். ஹாஜியார் மட்டும் தபால் அதிபரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சிரித்தார். "புள்ள குதிக்கட்டும் ஹாஜியார். இந்த ஊட்டுல ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சி. ராத் தங்குறவங்களுக்குப் பாய் இரிக்கா, இல்லாட்டி நான் தாறேன்."

ஹாஜியார் எழும்பித் தொப்பியைச் சரிசெய்தார். "மாஸ்டர், இஞ்ச இரிங்க. ஆள் சரி" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் படியிறங்கினார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் தெரு முடக்கில் மறையும் வரைக்கும் நானும் மனைவியும் அந்த மாடியின் விறாந்தையில் நின்றோம், கலியாணம் முடித்துப் புகுந்த வீட்டில் தகப்பன் விட்டுப்போன பிள்ளைகள் மாதிரி.